நடுவானில் திணறிய ஸ்பிட்ஃபயர் இன்ஜின்... குட்டி வாஷரால் காப்பாற்றிய ரேஸர்! யார் இந்த பீட்ரிஸ் ஷில்லிங்?

கார்புரேட்டர் வைத்த பழைய பைக்கை ஓட்டியவர்களுக்கு இந்த அவஸ்தை தெரியும். பெட்ரோல் அதிகமாகப் போனால் கரும்புகை, குறைவாகப் போனால் இழுவையே இருக்காது. ரெண்டுக்கும் நடுவில் சரியான அளவைப் பிடிப்பதுதான் டியூனிங். ரேஸ் பைக்கில் இந்த வித்தையைப் பழகிய ஒரு பெண்தான், இரண்டாம் உலகப் போரில் பிரிட்டன் விமானிகளின் உயிருக்கு உலை வைத்த ஒரு கோளாறுக்கு வழி கண்டுபிடித்தார்.

பீட்ரிஸ் ஷில்லிங் 1909 மார்ச் 8-ம் தேதி இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயரில் பிறந்தவர். அப்பாவுக்கு இறைச்சி வியாபாரம். 14 வயதில் சொந்தமாக ஒரு பைக் வாங்கினார். என்ன பைக் தெரியுமா? ராயல் என்ஃபீல்டு!

மார்கரெட் பார்ட்ரிட்ஜ் என்ற பெண் பொறியாளரின் நிறுவனத்தில் பயிற்சிக்குச் சேர்ந்தார். மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் மின் பொறியியல் படிக்கச் சொல்லி ஊக்கம் கொடுத்தவரும் அவர்தான். 1932-ல் பட்டம். அடுத்து இயந்திரப் பொறியியலில் முதுகலை.

வார இறுதி வந்துவிட்டால் புரூக்லேண்ட்ஸ் ரேஸ் டிராக்தான். தானே பிரித்து மாட்டி டியூன் செய்த நார்ட்டன் பைக்கில், 1934-ல் மணிக்கு சுமார் 170 கி.மீ. வேகத்தில் ஒரு சுற்றை முடித்தார். 100 மைல் வேகத்தைத் தாண்டுபவர்களுக்குத் தரப்படும் தங்க நட்சத்திரம் அவருக்குக் கிடைத்தது. அங்கே பைக் ஓட்டி இதை வாங்கிய பெண்கள் மொத்தமே 3 பேர். காதலர் ஜார்ஜ் நெய்லரும் இதே நட்சத்திரத்தை வாங்கினால்தான் கல்யாணம் என்று கண்டிஷன் போட்டதாக ஒரு கதை உண்டு. உண்மையோ பொய்யோ, நெய்லரும் வாங்கினார். 1938-ல் கல்யாணமும் நடந்தது.

விமானத்தில் என்ன கோளாறு?

1936-ல் ஃபார்ன்பரோ விமான ஆய்வு நிறுவனத்தில் வேலை. முதலில் கொடுத்தது தொழில்நுட்பக் கையேடு எழுதும் வேலை! பிறகுதான் கார்புரேட்டர் பிரிவுக்கு வந்தார்.

1940. ஸ்பிட்ஃபயர், ஹரிக்கேன் விமானங்கள் ஜெர்மன் மெஸ்ஸர்ஷ்மிட்டுகளோடு மோதிக்கொண்டிருந்த நேரம். எதிரி விமானம் சட்டென மூக்கைக் கீழே இறக்கிப் பாய்ந்து தப்பும். அதே மாதிரி பாய்ந்து துரத்தினால், பிரிட்டன் விமானத்தின் மெர்லின் இன்ஜின் திணறி, கரும்புகை கக்கி, சில நேரம் நின்றே போகும். ஜெர்மன் இன்ஜினில் நேரடி எரிபொருள் இன்ஜெக்ஷன் இருந்ததால் அதற்கு இந்தத் தொல்லை இல்லை. பிரிட்டன் விமானிகள் விமானத்தைப் பாதி புரட்டிவிட்டுத்தான் கீழே பாய வேண்டும். அந்தச் சில நொடிகளில் எதிரி பறந்துவிடுவான். இன்ஜின் நின்றால் நிலைமை இன்னும் மோசம், பின்னால் வரும் எதிரிக்கு நீங்கள்தான் குறி.

ஏன் இப்படி? கார்புரேட்டருக்குள் ஒரு ஃப்ளோட் இருக்கும். வீட்டுத் தண்ணீர்த் தொட்டியின் பால் வால்வு மாதிரிதான். பெட்ரோல் நிறைந்தால் மிதவை மேலே வந்து வழியை அடைக்கும். விமானம் திடீரெனக் கீழே கவிழும்போது புவியீர்ப்பு தலைகீழானது போல ஆகி, பெட்ரோல் அறையின் மேற்பக்கம் ஒட்டிக்கொள்ளும். முதலில் இன்ஜினுக்கு பெட்ரோல் கிடைக்காது, ஒரு இருமல். அடுத்து மிதவை தப்பான பக்கம் போய் வால்வு முழுசாகத் திறந்துவிடும். பம்ப் வெள்ளமாகக் கொட்ட, இன்ஜின் மூச்சுத்திணறும். உண்மையில் ஆளைக் கவிழ்த்தது இந்த இரண்டாவது கட்டம்தான்.

கார்புரேட்டரை மறுபடி வடிவமைக்க நேரமில்லை. ஷில்லிங் கேட்டது எளிய கேள்வி: முழு சக்தியில் ஓடும்போது இந்த இன்ஜின் அதிகபட்சம் எவ்வளவு பெட்ரோல் குடிக்கும்? அந்த அளவு மட்டும் போகும்படி கணக்காகத் துளை போட்ட சின்ன பித்தளைத் தடுப்பானை எரிபொருள் குழாயில் மாட்டினார்கள். பின்னாளில் அது தட்டையான வாஷராகவே ஆனது. வால்வு திறந்தாலும் வெள்ளம் வராது. ரேஸ் மெக்கானிக் ஜெட் அளவு பார்க்கும் அதே கணக்கு!

முதல் இருமல் அப்படியேதான் இருந்தது. ஆனால் இன்ஜின் நிற்கவில்லை. விமானத்தை ஷெட்டுக்கு அனுப்பாமலே மாட்டிவிடலாம் என்பதுதான் பெரிய லாபம். 1941-ன் தொடக்கத்தில் சின்னக் குழுவோடு விமானத் தளம் தளமாகப் போய் மாட்டிக் கொடுத்தார். அவர் போனது பழைய நார்ட்டனில்! மிஸ் ஷில்லிங்கின் ஓட்டை என்று கொஞ்சம் குறும்பாகவே அதற்குப் பெயர் விழுந்தது. 1943-ல் அழுத்தத்தில் இயங்கும் புதுவகை கார்புரேட்டர்கள் வரும்வரை தாக்குப்பிடித்தது அந்த ஓட்டைதான்.

போருக்குப் பிறகு?

ரேஸை விடவில்லை, காருக்கு மாறினார். 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கணவரும் இவரும் ஆஸ்டின் ஹீலி ஸ்பிரைட்டை வீட்டிலேயே டியூன் செய்து ஓட்டினார்கள். ரேஸ் காரிலும் இதே வியாதி சின்ன அளவில் உண்டு. வளைவில் வேகமாகத் திருப்பினால் ஃப்ளோட் அறையில் பெட்ரோல் ஒருபக்கம் ஒதுங்கி இன்ஜின் திக்கும். ஷில்லிங்குக்குச் சொல்லியா தரணும்? 1967-ல் டான் கர்னியின் ஃபார்முலா 1 அணியே, கார் சூடாகும் பிரச்சினைக்கு அவரைத்தான் கூப்பிட்டது.

அரசு விருது கிடைத்தது. ஆனால் ஃபார்ன்பரோவில் 33 ஆண்டுகள் உழைத்தும் உச்சப் பதவிகள் ஆண்களுக்கே போயின. 1969-ல் ஓய்வு பெற்றார். 1990 நவம்பரில் காலமானார். ஃபார்ன்பரோவில் ஒரு பப்புக்கும், ராயல் ஹாலோவே பல்கலைக்கழகத்தின் ஒரு கட்டடத்துக்கும் பின்னர் அவர் பெயர் சூட்டப்பட்டது.