முப்பதாம் அகவையில் ஒரு மாணவி

சென்னைத் திருவல்லிக்கேணியில் உள்ள கஸ்தூரிபா காந்தி மகளிர் மருத்துவமனையை முதியோர் பலர் இன்றும் 'கோஷா ஆஸ்பத்திரி' என்றே வழங்குவர். கோஷா என்பது, பெண்கள் அயல் ஆடவர் கண்ணில் படாது வாழும் வழக்கத்தைக் குறிக்கும். அத்தகைய பெண்களுக்காக இம்மருத்துவமனை தோன்றக் காரணமானவர் மேரி ஷார்லீப்.

மேரி 1845இல் இலண்டனில் பிறந்தார். பிறந்த சில நாள்களிலேயே தாயை இழந்தார். 1865இல் வில்லியம் ஷார்லீப் என்னும் வழக்குரைஞரை மணந்து, மறு ஆண்டு சென்னைக்கு வந்தார். கணவரின் சட்டப் பணிகளுக்கு உதவியவாறு இல்லறம் நடத்தினார். ஆடவரான மருத்துவரிடம் செல்ல இயலாமல் மகப்பேற்றின்போது பெண்கள் பலர் மாய்வதை இங்கே அறிந்தார். அச்செய்தி அவர் உள்ளத்தை உலுக்கியது.

முதலில் எழும்பூர் மகப்பேறு மருத்துவமனையில் ஓராண்டு பயின்றார். பேறுகாலப் பயிற்சி மட்டும் போதாது. முழுமையான மருத்துவக் கல்வியே வேண்டும் என்று உணர்ந்தார். அந்நாளில் இங்கிலாந்துப் பல்கலைக்கழகம் எதுவும் பெண்களுக்கு மருத்துவப் பட்டம் வழங்கவில்லை. சென்னையிலோ, தலைமை மருத்துவ அதிகாரி எட்வர்டு பால்ஃபரின் ஆதரவால் கல்லூரிக் கதவு திறந்தது. 1875இல் மேலும் மூன்று பெண்களுடன் மேரி சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். அப்போது அவருக்கு அகவை முப்பது. மூன்று குழந்தைகளுக்குத் தாய்.

1878இல் தேர்ச்சி பெற்றும் அவர் அமைதி கொள்ளவில்லை. கணவர் சென்னையில் தங்க, குழந்தைகளுடன் இலண்டன் சென்று மீண்டும் மாணவியானார். அவ்வாண்டில்தான் இலண்டன் பல்கலைக்கழகம் பெண்களுக்குப் பட்டம் வழங்க இசைந்திருந்தது. 1882இல் மகப்பேற்று மருத்துவத்தில் தங்கப் பதக்கத்துடன் பட்டம் பெற்றார். மறு ஆண்டு சென்னை திரும்பி மருத்துவம் செய்ததோடு, தாம் பயின்ற கல்லூரியிலேயே பாடமும் கற்பித்தார். அவர் முயற்சியால் 1885இல் மகளிர்க்கான மருத்துவமனை தொடங்கப்பட்டது. பின்னர் அது விக்டோரியா அரசியின் பெயர் தாங்கித் திருவல்லிக்கேணியில் நிலைபெற்றது.

உடல்நலம் குன்றியதால் 1887இல் இங்கிலாந்து சென்ற மேரி, அங்கும் கற்பதை நிறுத்தவில்லை. 1888இல், தம் நாற்பத்து மூன்றாம் அகவையில், மருத்துவத்தில் உயர்பட்டமான எம்.டி. பெற்றார். இலண்டன் பல்கலைக்கழகத்தில் அதனைப் பெற்ற முதல் பெண்மணி அவரே. 1930இல் அவர் மறைந்தார்.

அவர் நுழைந்த கல்லூரியிலேயே பயின்று 1912இல் பட்டம் பெற்றார் முத்துலட்சுமி ரெட்டி. பிற்காலத்தில் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையை நிறுவியவர் அவர். 1875இல் நான்கு பெண்களுக்குத் திறந்த கதவு, பின்வந்த பெண்களுக்கும் வழியாயிற்று.