கறுப்பு வெள்ளையில் பறவைகளைக் காட்டியவர்

நம் வெள்ளிமலை குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் வரும் பறவைப் படங்களைப் பார்க்கும்போதெல்லாம் மா. கிருஷ்ணன் நினைவுக்கு வருகிறார்.

நாவலாசிரியர் அ. மாதவையாவின் கடைசி மகன். 1912 ஜூன் 30-ல் பிறந்தவர். 13 வயதில் தந்தையை இழந்தார். சண்டூர் சமஸ்தானத்தில் வேலை பார்த்தபின் சென்னை திரும்பி, எழுத்தையும் படங்களையும் நம்பியே வாழ்ந்தார். மாதச் சம்பளத்திலேயே காலம் தள்ளிய எனக்கு அந்தத் துணிச்சல் வியப்பு. 1950 முதல் கடைசிவரை ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் இயற்கை பற்றி எழுதினார். பத்மஸ்ரீ விருதும் பெற்றார்.

பல கேமராக்களின் பாகங்களைச் சேர்த்துத் தானே அமைத்த கேமராவுக்கு வேடிக்கையாக 'சூப்பர் பாண்டரோசா' என்று பெயர் வைத்தார். கலர் பிலிம் வந்த பிறகும் கறுப்பு வெள்ளையை விடவில்லை. அதில் வெளிச்சக் கணக்குதான் எல்லாம். கூடினால் கொக்கின் இறகுகள் தெரியாமல் வெள்ளைத் திட்டாகிவிடும். குறைந்தால் காகம் கரிக்கட்டை. எடுத்ததை உடனே பார்க்கவும் வழியில்லை. கணக்குத் தப்பினால் அன்றைய அலைச்சல் வீண்.

1996 பிப்ரவரி 18-ல் மறைந்தார்.

நம் போனிலோ திரையில் பறவையைத் தொட்டு வெளிச்சத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். பில்டரில் நிறம் ஏற்றுவதற்கு முன், காலை இளவெயிலில் அதைச் செய்து பாருங்கள். இறகின் உண்மையான நிறம் தானே வரும்.