கிராமத்துப் பெண்களின் டாக்டர்

மதுரையில் டி.வி.எஸ். பஸ்ஸை அறியாதவர் ஒரு காலத்தில் இல்லை. அந்தக் கம்பெனியைத் தொடங்கிய சுந்தரம் அய்யங்காரின் மகள் சவுந்தரம். 1904-ல் பிறந்தவர். சிறு வயதிலேயே கலியாணம் ஆயிற்று. கணவர் டாக்டர். பிளேக் நோய் கண்டு 1925-ல் அவர் இறந்துவிட்டார்.

விதவை என்றால் வீட்டு மூலைதான் என்று இருந்த காலம் அது. சவுந்தரம் அம்மையார் டில்லிக்குச் சென்றார். பெண்களுக்கென்றே அமைந்த லேடி ஹார்டிங் மருத்துவக் கல்லூரியில் படித்து, 1936-ல் டாக்டரானார். காந்தியத் தொண்டர் ஜி. ராமச்சந்திரனை 1940-ல் மறுமணம் செய்துகொண்டார். மணமகன் கேரளத்துக்காரர், வேறு சாதி. காந்தியடிகள் ஆசி வழங்கினார்.

கஸ்தூரிபாய் 1944-ல் மறைந்தார். அவர் பெயரால் ஓர் அறநிதி ஏற்பட்டது. கிராமத்துப் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் பணி செய்வது அதன் நோக்கம். அந்தப் பணியைப் பெண்களே செய்ய வேண்டும் என்று காந்தியடிகள் விரும்பினார். தமிழ்நாட்டுப் பொறுப்பை அம்மையாரிடம் ஒப்படைத்தார். செல்வர் வீட்டு மகள், பட்டணத்தில் வைத்தியம் செய்து வசதியாக வாழ்ந்திருக்கலாம். அவரோ அந்தத் தொண்டர் கூட்டத்தில் சேர்ந்தார்.

மதுரையிலிருந்து திண்டுக்கல் போகும் வழியில், சின்னாளபட்டிக்கு அருகே, 1947-ல் கணவரும் மனைவியுமாகக் காந்திகிராமத்தைத் தொடங்கினர். அங்கே பெண்கள் கிராம சேவிகைகளாகப் பயிற்சி பெற்றனர். துணையற்ற பெண்களுக்கும் ஒரு வேலை, ஒரு மரியாதை கிடைத்தது.

அம்மையார் 1962-ல் மத்தியக் கல்வித் துணை மந்திரியானார். 1984-ல் காலமானார். காந்திகிராமத்துக் கஸ்தூரிபா மருத்துவமனையில் இன்றும் சுற்று வட்டாரத்துத் தாய்மார்கள் பிள்ளை பெற்றுச் செல்கிறார்கள்.