ஔவையின் பெயரால் ஓர் இல்லம்

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் 1886ஆம் ஆண்டு சூலை 30ஆம் நாள் புதுக்கோட்டையில் பிறந்தார். தந்தை நாராயணசாமி, மன்னர் கல்லூரியின் முதல்வர். தாய் சந்திரம்மாள், இசைவேளாளர் குடியினர். ஆடவர் மட்டுமே பயின்ற அக்கல்லூரியில் ஒரு பெண் சேர்வதை ஊரார் எதிர்த்தனர். தொண்டைமான் மன்னர் இசைந்தமையால் கதவு திறந்தது. 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1912இல் மருத்துவப் பட்டம் பெற்றார். 1914இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார்.

1927இல் சென்னைச் சட்டசபையின் உறுப்பினராகி அதன் துணைத்தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். தாய்வழிக் குடியின் துயரை அறிந்திருந்த அவர், சிறுமியர்க்குப் பொட்டுக் கட்டும் வழக்கத்தை ஒழிக்குமாறு அவ்வாண்டு நவம்பரில் தீர்மானம் கொணர்ந்தார். சத்தியமூர்த்தி போன்ற பெருந்தலைவர்கள் எதிர்த்தனர். தம் கலையும் மானமும் ஒருசேரப் பழிக்கப்படுவதாகக் கருதித் தேவதாசியர் சங்கங்களும் மறுப்பு மனுக்கள் அளித்தன. அம்மறுப்பிலும் ஒரு நியாயம் இருந்தது என்பதை வரலாறு எழுதுவோர் மறத்தல் தகாது.

எனினும் அம்மையார் வெறும் தடையோடு நின்றாரல்லர். கோயிற்பணிக்கு ஈடாக அப்பெண்டிர்க்கு மானிய நிலம் இருந்தது. பணியை விட்டால் நிலமும் போய்விடும். பசிக்கு அஞ்சியே பலர் வழக்கத்தை விடாதிருந்தனர். இந்த முடிச்சை அவிழ்த்தது 1929ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம். பணி செய்யும் கடமையினின்று நிலம் விடுவிக்கப்பட்டு அவர்கள் வசமே நின்றது. விடுதலைக்கு முதற்படி வாழ்வாதாரம் என்ற தெளிவு அச்சட்டத்தில் உண்டு. பொட்டுக் கட்டுதலை முற்றாகத் தடுக்கும் சட்டமோ 1947இல்தான் நிறைவேறியது.

நிலமுடையோர்க்கு இவ்வாறு வழி பிறந்தது. நிலமும் புகலும் அற்ற சிறுமியர் எங்கே செல்வர்? 1930ஆம் ஆண்டளவில் அத்தகைய சிறுமியர் சிலர் அம்மையாரின் வாயிலை அடைந்தனர். அவர்தம் குடிப்பிறப்பை அறிந்து மாணவியர் விடுதிகள் இடம் தர மறுத்தன. அம்மையார் தம் இல்லத்திலேயே அவர்களைத் தங்க வைத்தார். அதுவே ஔவை இல்லம் எனப் பெயர் பெற்றுப் பின்னர் அடையாற்றில் நிலைகொண்டது. காந்தியடிகள் சிறைப்பட்டதைக் கண்டித்து 1930இல் பதவியைத் துறந்திருந்தார் அம்மையார். ஆதலால் இப்பணிக்கு அரசுப் பதவியின் துணை அவருக்கு இருக்கவில்லை.

ஒரு வேளைச் சோறு யாரும் இடுவர். பத்தாண்டுச் சோறு இடுவதற்கு நிலையான பொருள் வேண்டும். சிறுமி ஒருத்தி வளர்ந்து, கற்று, தன் காலில் நிற்கும்வரை உணவும் உடையும் கல்வியும் இடைவிடாது கிடைக்க வேண்டும். இல்லத்தோடு பள்ளியும் ஆசிரியைப் பயிற்சியும் இணைந்தது இதனாலேயே. உறைவிடம் தொழிலில் சென்று முடிந்தால்தான் வெளியே செல்பவள் மீண்டும் பழைய வாயிலுக்குத் திரும்பாள்.

தங்கையைப் புற்றுநோய்க்கு இழந்த துயரம் 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையாக உருக்கொண்டது. 1956இல் பத்மபூஷண் விருது பெற்ற அம்மையார், 1968 சூலை 22இல் மறைந்தார்.

விருது பெற்ற அதே 1956இல் நடுவணரசு பெண் வணிகத் தடுப்புச் சட்டம் இயற்றியது. மீட்கப்பட்டோர்க்குக் காப்பகங்களையும் வகுத்தது. ஆயினும் காப்பகத்தில் குறித்த காலம் தங்கவைத்து அனுப்புவது வேறு, ஒருத்திக்கு வாழ்விடம் அமைப்பது வேறு. ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைத் தோல் தொழிற்கூடங்களில் பல்லாயிரம் பெண்கள் கூலி ஈட்டுகின்றனர். கொடுமையிலிருந்து மீண்டவளுக்கு இங்கே வேலை கிடைக்கலாம். அஞ்சாது உறங்கும் கூரையும், அதன் வாடகையை ஆண்டுக்கணக்கில் தாங்கும் நிதியும் இல்லையேல் அவ்வேலையும் நிலைக்காது.

வேலூர்ப் பகுதிக்கு அணித்தான தகடூரில் அதியமான் நெல்லிக்கனி ஈந்தது ஒரு பெண்பாற் புலவர்க்கு. நெடுநாள் வாழ வைப்பதற்கென்றே ஈந்த கனி அது. புகலற்ற சிறுமியரின் இல்லத்துக்கு அப்புலவர் பெயரை அம்மையார் சூட்டியது மிகவும் பொருத்தமே.