சாந்திநிகேதனத்து ஆசிரியர்கள்

இரவீந்திரநாத் தாகூரைக் கவிஞராகவே நாம் அறிவோம். நாற்பது ஆண்டுகள் ஒரு பள்ளிக்கூடத்தைத் தாங்கி நின்றவர் அவர் என்பதைக் குறைவாகவே பேசுகிறோம். 1901 மார்கழியில் சாந்திநிகேதனத்தில் அது தொடங்கியபோது மாணவர் ஐவர். ஆசிரியரும் ஐவர், அவர்களுள் மூவர் கிறிஸ்தவர். பழைய குருகுல முறையில் நடத்த எண்ணிய ஆசிரமம் அது என்பதை நினைத்தால், அந்தத் துணிவு விளங்கும்.

அடுத்த ஆண்டே சோதனை வந்தது. காயஸ்தரான ஓர் ஆசிரியரின் பாதத்தைப் பிராமண மாணவர் தொட்டு வணங்கலாமா என்ற கேள்வி எழுந்தது. தாகூர் அன்று வழக்கத்துக்கு இணங்கினார். கைகூப்பினால் போதும் என்று விட்டுவிட்டார். பெரியோர் வரலாற்றில் இத்தகைய இடங்களை மூடி மறைப்பது நம் பழக்கம். இங்கே அது வேண்டியதில்லை, ஏனெனில் பின்னாளில் அந்த வேலியை அவரே தாண்டினார்.

ஆங்கிலேயரான அன்ட்ரூசும் பியர்சனும் வங்காள ஆசிரியர்களோடு ஒன்றாய் இருந்து கற்பித்தனர். தலைமை ஆசிரியர் என்று ஒருவர் இல்லை. ஆசிரியர்களே ஆண்டுதோறும் தம்முள் ஒருவரைப் பொறுப்புக்குத் தெரிந்தெடுத்தனர். 1921இல் விசுவபாரதி அமைந்தபோது பிரான்சிலிருந்து சில்வேன் லெவி வந்து சேர்ந்தார்.

பணம் மட்டும் ஒருபோதும் போதவில்லை. 1934இல் அதற்காகவே தம் குழுவினருடன் இலங்கைக்கு வந்து, சாபமோசனம் நாட்டிய நாடகத்தைக் கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் மேடையேற்றியபோது அவருக்கு வயது 73.