நந்தனார் வேடமிட்ட குரல்: கே.பி. சுந்தராம்பாளும் அரசியலும்

நாமக்கல் சமவெளிக்கு எதிரே, காவிரியின் மறுகரையில் உள்ள கொடுமுடியில் 1908ஆம் ஆண்டு பிறந்தவர் கே.பி. சுந்தராம்பாள். வறுமையில் வளர்ந்த அவர், குரலையே முதலாகக் கொண்டு நாடக மேடையேறினார். உடன் நடித்த எஸ்.ஜி. கிட்டப்பாவை மணந்தார். 1933இல் கிட்டப்பா மறைந்தபின் வெள்ளையுடைக்கு மாறினார்.

1935இல் வெளிவந்த ‘பக்த நந்தனார்’ படத்தில் நந்தனாராகவே நடித்தார். அதற்கு அவர் பெற்ற ஊதியம் ஒரு லட்சம் ரூபாய். அந்நாளில் எவரும் கேள்விப்படாத தொகை. தீயில் மூழ்கி எழுந்த பின்னரே நந்தனைக் கோயில் ஏற்கிறது என்பது அக்கதை. அதே ஆண்டு அக்டோபரில், தாம் இந்துவாக இறக்கப்போவதில்லை என்று அண்ணல் அம்பேத்கர் இயோலாவில் அறிவித்தார். திரையில் நந்தனுக்காக உருகிய கூட்டத்திற்கும் இயோலாவில் எழுந்த கோபத்திற்கும் இடையிலான தொலைவை நாம் மறக்கலாகாது.

கூத்தாடி என்பது அக்காலத்தில் வசவுச் சொல். அதில் சாதியின் வாடையும் கலந்திருந்தது. சேலத்தில் வழக்கறிஞராகவும் நகராட்சித் தலைவராகவும் இருந்த இராஜாஜி சினிமாவை வெறுத்தார். சத்தியமூர்த்தியோ கலைஞர்களின் செல்வாக்கை அறிந்தவர். 1937 தேர்தலில் சுந்தராம்பாளைக் காங்கிரஸ் மேடைகளில் பாடச் செய்தார். பின்னாளில் அவர் சட்ட மேலவை உறுப்பினரானார். இந்தியத் திரையுலகிலிருந்து சட்டமன்றத்தினுள் நுழைந்த முதல் கலைஞர் என்று அறியப்படுகிறார். 1953இல் ‘ஔவையார்’ அவர் புகழை மேலும் உயர்த்தியது. 1980இல் மறைந்தார்.

இழிவாகக் கருதப்பட்ட தொழிலிலிருந்து ஒரு பெண் அவை ஏறியது சிறிய செய்தியன்று. அதை நாம் மதிக்கிறோம். எனினும், 1939இல் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் உண்மையாகவே நுழைந்தவர்களுள் ஒருவரான கக்கன், பின்னாளில் அமைச்சராக இருந்தும், 1967 தேர்தலில் தோற்றார். அதே தேர்தலில் குண்டடிபட்டு மருத்துவமனையில் இருந்தவாறே எம்.ஜி.ஆர். வென்றார். ஒரு தலைமுறைக்குள் கூத்தாடி என்ற வசவு வாழ்த்தாக மாறிவிட்டது. கோயில் வாசலில் நிறுத்தப்பட்டவர்களின் நிலை அவ்வளவு விரைவாக மாறவில்லை. இன்று திரைப்புகழோடு வாக்குக் கேட்டு நம் சேரிக்கு வருவோரிடம், நந்தனின் வேடத்தை அல்ல, நந்தனின் நிலத்தையும் உரிமையையும் குறித்தே நாம் கேட்க வேண்டும்.