ழான் மார்ட்டின் சார்க்கோ

ழான் மார்ட்டின் சார்க்கோ (நவம்பர் 29, 1825 - ஆகஸ்ட் 16, 1893) பிரான்ஸ் நாட்டைச் சேர்ந்த மருத்துவர் ஆவார். நரம்பியலைத் தனியொரு மருத்துவத் துறையாக நிலைநிறுத்தியவர்களுள் முதன்மையானவர். முதியோரிடம் காணப்படும் நடுக்கம், தசை மெலிவு, நடைத்தளர்ச்சி ஆகியவற்றை மூப்பின் இயல்பு என்று ஒதுக்கிவிடாமல், அவற்றை வெவ்வேறு நோய்களாகப் பிரித்தறிந்து, தண்டுவடத்திலும் மூளையிலும் அவற்றின் காரணங்களைத் தேடியவர்.

இளமையும் கல்வியும்

சார்க்கோ பாரிஸ் நகரில் பிறந்தார். இவரது தந்தை குதிரை வண்டிகள் செய்யும் தொழிலைச் செய்து வந்தார். சார்க்கோ ஓவியம் வரைவதில் திறன் மிக்கவர். நோயாளிகளின் உடல் நிலையையும் நுண்ணோக்கியில் கண்டவற்றையும் வரைந்து வைக்கும் வழக்கம் அவருக்கு இருந்தது. 1853-ஆம் ஆண்டில் மருத்துவப் பட்டம் பெற்றார். முடக்கு வாதமும் கீல்வாதமும் வெவ்வேறு நோய்கள் என்பதை அவரது பட்ட ஆய்வேடு விளக்கியது.

சால்பெட்ரியர் மருத்துவமனை

1862-ல் சார்க்கோ பாரிஸில் உள்ள சால்பெட்ரியர் மருத்துவமனையில் மருத்துவராகப் பொறுப்பேற்றார். முன்பு வெடிமருந்துடன் தொடர்புடைய வெடியுப்புச் சாலையாக இருந்த இவ்விடம், 17-ஆம் நூற்றாண்டில் ஆதரவற்ற பெண்களுக்கான காப்பகமாக மாற்றப்பட்டது. சார்க்கோவின் காலத்தில் இங்கு ஏறத்தாழ 5,000 பேர் தங்கியிருந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் முதிய பெண்கள், நாட்பட்ட நோயாளிகள். குணப்படுத்த இயலாதவர்களின் இடம் என்று பல மருத்துவர்கள் இதனைத் தவிர்த்து வந்தனர்.

சார்க்கோ தம்முடன் பொறுப்பேற்ற வுல்பியான் என்பவரோடு சேர்ந்து ஒவ்வொரு நோயாளியாகப் பரிசோதித்துக் குறிப்பெடுத்தார். நோயாளிகள் இங்கேயே பல ஆண்டுகள் தங்கியதால், நோய் வளரும் விதத்தைத் தொடர்ந்து காண முடிந்தது. ஒருவர் இறந்தபின் பிரேதப் பரிசோதனை செய்து, உயிருடன் இருந்தபோது கண்ட குறிகளை நரம்பு மண்டலச் சிதைவுகளுடன் ஒப்பிட்டார். மருத்துவ-உடற்கூற்று முறை எனப்படும் இம்முறையே அவரது கண்டுபிடிப்புகளுக்கு அடிப்படை ஆகும்.

முதியோர் நோய்கள் பற்றிய அவரது சொற்பொழிவுகள் 1867-ல் நூலாக வெளிவந்தன. இளையோருக்கு வரும் அதே நோய் முதியோரிடம் வேறு விதமாக வெளிப்படலாம் என்பதை அவர் வலியுறுத்தினார். முதியோர் மருத்துவத்தின் தொடக்க கால நூல்களுள் இதுவும் ஒன்றாகக் கருதப்படுகிறது.

தண்டுவட ஆய்வுகள்

1869-ல் சார்க்கோவும் ஜோஃப்ராய் என்பவரும் தசை மெலிந்து இறந்த நோயாளிகளின் தண்டுவடத்தை ஆராய்ந்தனர். தண்டுவடத்தின் சாம்பல் நிறப் பகுதியின் முன்கொம்பில் உள்ள நரம்பணுக்களும், பக்கவாட்டில் இறங்கும் நரம்பிழைத் தொகுதியும் சிதைந்திருப்பதைக் கண்டனர். முன்கொம்பின் சிதைவால் தசை மெலிகிறது; பக்கவாட்டு இழைகளின் சிதைவால் தசை விறைக்கிறது. இவ்விரண்டும் சேர்ந்து வரும் நோய்க்கு 1874-ல் சார்க்கோ அமையோட்ரோபிக் லேட்டரல் ஸ்குளிரோசிஸ் என்று பெயரிட்டார். பிரான்சில் இது சார்க்கோ நோய் என்றே அழைக்கப்படுகிறது.

அக்காலத்தில் தண்டுவட மரப்பு நோயும் நடுக்குவாதமும் ஒன்றாகக் குழப்பப்பட்டு வந்தன. முன்னதில் கையை ஒரு பொருளை நோக்கி நீட்டும்போது நடுக்கம் மிகும். பின்னதில் கை ஓய்வில் இருக்கும்போது நடுக்கம் தோன்றும். இவ்வேறுபாட்டைச் சார்க்கோ தெளிவுபடுத்தினார். நடுக்குவாதத்தில் இயக்கம் மந்தமாவது தசை வலுவிழப்பு அன்று என்றும், சிலருக்கு நடுக்கமே இருப்பதில்லை என்றும் காட்டினார். 1817-ல் இந்நோயை விவரித்த ஆங்கிலேய மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சனின் பெயரையே அதற்குச் சூட்ட வேண்டும் என்று முன்மொழிந்தவரும் இவரே.

ஆசிரியப் பணி

1882-ல் நரம்பு மண்டல நோய்களுக்கான பேராசிரியர் பதவி பாரிஸில் சார்க்கோவுக்காக உருவாக்கப்பட்டது. பாபின்ஸ்கி, பியர் மாரி, ஜில் தெ லா தூரெட் ஆகியோர் இவரது மாணவர்கள். சிக்மண்ட் பிராய்டும் 1885-86-ல் இவரிடம் பயின்றார்.

குறைபாடுகளும் விமர்சனங்களும்

சார்க்கோவின் முறைக்கு எல்லைகளும் இருந்தன. பார்க்கின்சன் நோய்க்கான சிதைவை அவரால் கண்டறிய இயலவில்லை. நடுமூளையின் கருநிறப் பகுதியே பாதிக்கப்படுகிறது என்பதை 1919-ல் திரெத்தியாகோஃப் காட்டினார். ஹிஸ்டீரியா குறித்த சார்க்கோவின் கருத்துக்களைப் பின்னாளில் பாபின்ஸ்கி உள்ளிட்டோர் ஏற்கவில்லை. ஏழைப் பெண்களை மாணவர்கள், பார்வையாளர்கள் முன் நிறுத்தி, அறிதுயிலில் ஆழ்த்திக் காட்டியதும் விமர்சனத்துக்கு உள்ளானது. அவர் பெயரிட்ட பல நோய்களுக்கு அன்று மருந்தில்லை. நோயைப் பிரித்தறிந்ததன் பயன் பெரும்பாலும் அந்த நோயாளிகளை எட்டவில்லை.

இன்றைய நிலை

வயது முதிரும்போது தண்டுவட முன்கொம்பின் இயக்க நரம்பணுக்கள் படிப்படியாகக் குறைகின்றன என்பது இன்று அறியப்பட்டுள்ளது. எஞ்சியவை கிளைவிட்டு, தொடர்பிழந்த தசை இழைகளைத் தம்முடன் இணைத்துக் கொள்கின்றன. இவ்வீடு குறையும்போது வலிமையும் வேகமும் தளர்கின்றன. எனினும் எல்லாத் தளர்ச்சியும் மூப்பினால் வருவதன்று. கழுத்து எலும்புத் தேய்மானத்தால் தண்டுவடம் நசுங்கி நடை தடுமாறும் முதியோர் பலர் உள்ளனர். தக்க நேரத்தில் கண்டறிந்தால், அறுவை சிகிச்சையின் மூலம் நிலைமை மோசமாவதைப் பலருக்கும் தடுக்க இயலும். முதுமை என்று சொல்லி நிறுத்திவிடாமல் காரணத்தைத் தேட வேண்டும் என்ற சார்க்கோவின் அணுகுமுறை இங்கு பயன் தருகிறது.

மறைவு

சார்க்கோ 1893-ல் மத்திய பிரான்சின் மோர்வான் பகுதியில் உள்ள செத்தோன் ஏரிப் பகுதிக்குச் சென்றிருந்தபோது, தமது 67-ஆம் வயதில் காலமானார். இவரது மகன் ழான் பத்தீஸ்த் சார்க்கோ மருத்துவம் பயின்று, பின்னர் துருவப் பகுதி ஆய்வாளராகப் புகழ்பெற்றார்.